கரண்ட் போனால் தெரியும்

சென்னையில் சம்ப் என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். வாசல் ஓரம் இரும்பு மூடி போட்ட தரையடித் தொட்டி. மெட்ரோ வாட்டர் அதில் இறங்கும், மோட்டார் அதை மொட்டைமாடிக்கு ஏற்றும். கோடையில் மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாளைக்குத் தாங்கும்" என்று கணக்குப் போடாத வீடு இந்த ஊரில் குறைவு.

வீட்டில் கடல்மீன் வளர்ப்பவர்களும் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். கூடத்தில் பளபளக்கும் கண்ணாடித் தொட்டிக்கு அடியில், மரப்பெட்டிக் கதவுக்குப் பின்னால் இன்னொரு தொட்டி ஒளிந்திருக்கும். அதுதான் அவர்களுடைய சம்ப். மேலே மீன், கீழே வேலை. வீட்டுச் சம்பிலிருந்து ஏறிய தண்ணீர் குளியலறை வழியாகப் போனால் போனதுதான். இங்கே ஏறியது வழிந்து, வடிந்து, சுத்தமாகி மறுபடியும் ஏறும். மணிக்கு ஐந்தாறு தடவை, ராப்பகலாக.

அந்தச் சுற்று ஓடிக்கொண்டிருக்கும் வரை அமைப்பில் உள்ள எந்தக் கோளாறும் கண்ணில் படாது. எனக்கு அது தெரிய வந்தது ஒரு மே மாதம், இரவு பத்தரை மணிக்கு. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துத் தெருவே இருண்டது. பம்ப் ஓசை அடங்கியது. தொட்டிப் பக்கமிருந்து மட்டும் களகளவென்று ஒரு சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பம்ப் நின்றால் எல்லாமே நின்றுவிடும் என்று நினைத்து நான் பேசாமல் படுத்திருந்தேன். மெழுகுவத்தி எடுக்கப் போன மனைவி இருட்டில் நின்று, "என்னங்க, தரையெல்லாம் தண்ணி" என்றாள். குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

மறுநாள் காலை கொளத்தூர் வண்ணமீன் சந்தையில், தொட்டி ஒட்டித் தந்த கண்ணாடிக்காரர் முன்னால் போய் நின்றேன். சம்ப் ஒழுகுகிறது என்பது என் புகார். அவர் கோபப்படவில்லை. "சார், ரிட்டர்ன் பைப் வாய் தண்ணிக்குள்ள எவ்ளோ ஆழத்துல இருக்கு?" என்று கேட்டார். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகக் கையை விரித்துக் காட்டினேன். "அப்போ அவ்ளோ தண்ணியும் கீழதான் சார் வரும். சம்ப்ல அதுக்கு இடம் இருக்கா?"

இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

ஜன்னலோரத்துப் பணிப்பெண்

கடலை வீட்டுக்குள் கொண்டுவரும் ஆசை பழையது. 1846-இல் ஆனா தைன் என்ற சீமாட்டி, இங்கிலாந்தின் டார்கி கடற்கரையிலிருந்து சில கல்பவளங்களை ஒரு ஜாடியில் போட்டு லண்டனுக்கு எடுத்து வந்தார். கடல்நீர் ஒரே இடத்தில் நின்றால் பவளம் செத்துவிடும் என்பதை அவர் கண்டுகொண்டார். தீர்வு, வீட்டுப் பணிப்பெண். திறந்த ஜன்னல் அருகே நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அந்தப் பெண் தண்ணீரை ஆற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊர் டீக்கடையில் டீ ஆற்றுவது மாதிரி, தினமும் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். பவளங்கள் பிழைத்தன. கடல் தொட்டிக்கு அமைந்த முதல் பம்ப், பெயர் பதிவாகாத ஒரு பெண்ணின் கை.

1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மக்கள் பார்க்க மீன்மனை திறந்தது. அடுத்த ஆண்டு ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லைப் பரப்பியது. ஆனால் சம்பின் மூதாதையை அமைத்தவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட். 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் அவர் எழுப்பிய கடல் மீன்மனையில், கண்ணாடிக்குப் பின்னால் மக்கள் பார்த்த நீர் கொஞ்சம்தான். அதைவிடப் பல மடங்கு நீர் தரைக்கு அடியில், இருட்டில், குளிர்ச்சியாக இருந்தது. பம்புகள் அதை ஓயாமல் மேலேற்றிச் சுற்றவிட்டன. நீரை மாற்றாதே, சுற்றவிடு என்பது லாய்டின் கொள்கை. நேப்பிள்ஸில் ஆன்டன் டோர்ன் நிறுவிய புகழ்பெற்ற கடல் ஆய்வகத்தின் மீன்மனைக்கும் அவருடைய யோசனைகள் உதவின.

வீட்டுக் கூடத்துக்கு அது வந்து சேர நூறு ஆண்டுக்கு மேல் பிடித்தது. 1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டும் வைத்துப் பவளம் வளர்க்கும் முறையை அமெரிக்க மீன்வளர்ப்பு இதழ் ஒன்றில் விவரித்தார். 1986-இல் ஜார்ஜ் ஸ்மிட் எழுதிய தொடர் கட்டுரைகள், தொட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் பந்துகள்மேல் நீரைச் சொட்டவிடும் முறையை அமெரிக்க வீடுகளுக்கு அறிமுகம் செய்தன. பந்துகள் பிறகு வழக்கொழிந்தன. கீழ்த்தொட்டி நிலைத்துவிட்டது.

கடல்நீரின் சிக்கல்

மீன் தின்ற புரதத்தின் கழிவு பெரும்பாலும் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேறுகிறது. நீரில் அது இரண்டு வேடத்தில் உலவும். அம்மோனியமாக இருந்தால் ஆபத்து குறைவு, அம்மோனியாவாக இருந்தால் நஞ்சு. எது எவ்வளவு என்பதை முடிவுசெய்வது நீரின் காரத்தன்மை. பி.எச். 7 உள்ள நன்னீரில் நஞ்சு வேடத்தில் இருப்பது 200-இல் 1 பங்கு. கடல்நீரின் பி.எச். 8.2 வாக்கில் இருக்கும். அங்கே அது கிட்டத்தட்ட 7 சதவீதம். அதே அழுக்கு, பத்து மடங்குக்கு மேல் நஞ்சு.

மூச்சிலும் கடல்நீர் கஞ்சம். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். கடல்நீர் பிடிப்பது 6.7 மி.கி. அளவுதான். நீர் சூடேற ஏற இதுவும் குறையும். சென்னைக் கோடையில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டினால் மீனுக்குத் தேவை கூடும், இருப்பு குறையும்.

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களை 1890 வாக்கில் பிரித்தெடுத்துக் காட்டியவர் ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. அவற்றுக்கு ஒட்டிக்கொள்ள ஒரு பரப்பும், ஆக்சிஜன் நிறைந்த ஓட்டமும் போதும். புதுத் தொட்டியில் அவை பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், அதற்குள் மீன் விட்டால் நஷ்டம்தான். அந்தப் பிளாஸ்டிக் பந்துகள் இந்த வேலையை நன்றாகவே செய்தன. ஆனால் நைட்ரேட்டோடு கதை நின்றுபோய், அது தொட்டியில் சேர்ந்துகொண்டே வந்தது. நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்றும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் இல்லாத மூலை வேண்டும். நுண்துளைப் பாறையின் உள்வயிறு அதற்குத் தோதான இடம். அதனால்தான் பந்து போய்ப் பாறை வந்தது.

கலிங்கு

மேல்தொட்டியிலிருந்து நீர் எப்படி இறங்குகிறது? அடியில் ஓட்டை போட்டு அல்ல, விளிம்பில் வழிந்து. நம் ஏரிகளில் இரண்டு வாய்கள் உண்டு. மதகு பாசனத்துக்குத் திறந்துவிடுவது. கலிங்கு, ஏரி நிரம்பினால் தானாக வழிவது. கலிங்கு வழிந்த நீர் அடுத்த ஏரிக்குப் போகும். எத்தனை மழை பெய்தாலும் ஏரியின் மட்டம் கலிங்கின் உயரத்தைப் பெரிதாகத் தாண்டாது. கடல் தொட்டியின் மூலையில் சீப்புப் பல் மாதிரி வெட்டிய கண்ணாடித் தடுப்பு ஒன்று இருக்கும். அதுவும் கலிங்குதான்.

கலிங்குக்கு இரண்டு குணம். ஒன்று, அது மேற்பரப்பு நீரைத்தான் அள்ளும். எண்ணெயும் புரதமும் கலந்த மெல்லிய படலம் நீரின் மேலேதான் படிகிறது, காற்று உள்ளே போகாமல் மறிப்பதும் அதுவே. இன்னொன்று, அதன்மேல் ஓடும் நீர் வியக்கத்தக்க அளவு மெல்லியது. 30 செ.மீ. நீள விளிம்பில் மணிக்கு 2,000 லிட்டர் வழிந்தாலும் நீரின் தடிமன் ஏறத்தாழ 1 செ.மீ.தான், பல் வெட்டியிருந்தால் சற்றுக் கூடும். தொட்டியை நிறுத்தும்போது ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான். விளிம்பின் ஒரு முனை 1 செ.மீ. தூக்கியிருந்தால் அந்தப் பக்கம் நீர் கொஞ்சம்தான் ஓடும்.

வழிந்த நீர் குழாயில் இறங்கும்போது காற்றையும் இழுத்துக்கொண்டால், கழிப்பறையில் தண்ணீர் விட்ட மாதிரி நாள் முழுக்கச் சத்தம் போடும். அதற்குக் கைகண்ட மருந்து இரண்டு குழாய். முதல் குழாயில் கேட் வால்வு பொருத்தி, குழாய் முழுக்க நீரே நிறைந்து ஓடும்படி திருகி வைத்தால் சத்தம் இராது. இரண்டாவது குழாயின் வாய் சற்று உயரத்தில் சும்மா நிற்கும். முதல் குழாயில் நத்தை ஏறி அடைத்தால் அன்றைக்கு அது உதவும். எனவே அதன் வழியில் வால்வே கூடாது.

கீழே நடப்பது

இறங்கிய நீர் முதலில் விழுவது துணிப்பைக்குள். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கண் உள்ள இந்தப் பையை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை துவைக்காவிட்டால் அதில் சிக்கிய தீனியும் கழிவும் அங்கேயே அழுகும். துவைக்காத வடிகட்டியைவிட வடிகட்டி இல்லாததே மேல்.

அடுத்த அறை நுரைப்பிரிப்பான். கடைக்காரர்கள் ஸ்கிம்மர் என்பார்கள். 2019 டிசம்பர் தொடக்கத்தில் மெரினா பக்கம் கரையெங்கும் வெள்ளை நுரை ஒதுங்கியதும், பிள்ளைகள் அதில் புரண்டு விளையாடியதும் நினைவிருக்கலாம். மழையோடு கலந்து வந்த கழிவுநீரை அலை அடித்து அடித்து நுரையாக்கியது. அழுக்கில் ஒரு சாரார் அப்படித்தான்: ஒரு முனை நீரை விரும்பும், மறுமுனை வெறுக்கும். காற்றுக் குமிழி கிடைத்தால் அதன் தோலில் போய் ஒட்டிக்கொள்ளும். ஸ்கிம்மர் இதைக் குழாய்க்குள் வேண்டுமென்றே நிகழ்த்துகிறது. குமிழி எவ்வளவு பொடியோ அவ்வளவு நல்லது. ஒரு லிட்டர் காற்றை 1 செ.மீ. குமிழிகளாக உடைத்தால் அவற்றின் மொத்தப் பரப்பு 0.6 சதுர மீட்டர். அரை மில்லிமீட்டர் குமிழிகளாக உடைத்தால் 12 சதுர மீட்டர், ஒரு படுக்கையறைத் தரையளவு. உப்புநீரில் குமிழிகள் எளிதில் ஒன்றோடொன்று சேர்வதில்லை, பொடியாகவே நிற்கும். நன்னீர்த் தொட்டியில் இதே கருவி ஏறத்தாழ சும்மா இருப்பதற்குக் காரணம் அதுதான். இரண்டு நாளில் அதன் கிண்ணத்தில் கஷாய நிறத்தில் சேரும் நீரை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறுபடி முகரமாட்டார்கள்.

மூன்றாவது அறையில் நூல் நூலாகச் சிக்குப் பிடித்த பச்சைப் பாசி வளரும். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அது உண்ணும். மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி பிய்த்து எறிந்தால் அத்தனை கழிவும் தொட்டியை விட்டுப் போகிறது. மேலே விளக்கு அணைந்த இரவு நேரத்தில் இங்கே விளக்கு எரிந்தால், பாசி கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டிருக்கும், விடிகாலையில் பி.எச். அதிகம் சரியாது.

கடைசி அறைக்கு முன்னால் மூன்று தடுப்புக் கண்ணாடிகள். நீர் முதலாவதன்மேல் ஏறி, இரண்டாவதன் அடியில் நுழைந்து, மூன்றாவதன்மேல் வழியும். இந்த ஏற்ற இறக்கத்தில் குமிழிகள் மேலே தப்பிவிடும். தடுப்பின் உயரமே முன்னறைகளின் நீர்மட்டத்தை மாறாமல் பிடித்து வைக்கிறது. மட்டம் ஒரு விரற்கடை மாறினாலும் ஸ்கிம்மர் ஒன்று தூங்கும், இல்லாவிட்டால் பொங்கும். அதைத் தாண்டி பம்ப் அறை. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட மணிக்கு 3,000 லிட்டர் என்பது உயரமே இல்லாமல் தள்ளும் அளவு. ஒன்றேகால் மீட்டர் மேலேற்றச் சொன்னால் அதில் கணிசமான பங்கு காணாமல் போகும். பெட்டியின் எண்ணைப் பார்க்காமல் உயரத்துக்கேற்ற வரைபடத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டு கணக்கு

இப்போது கண்ணாடிக்காரரின் கேள்வி. மேல்தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம். நீர் விளிம்புக்கு 4 செ.மீ. கீழே ஓடுகிறது. இதில் 1 செ.மீ. மட்டம் என்றால் 5.4 லிட்டர். சம்ப் 90 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரம். இதில் 1 செ.மீ. என்றால் 3.6 லிட்டர். ஓடும்போது சம்பில் 25 செ.மீ. நீர், மேலே 15 செ.மீ. காலி.

முதல் கணக்கு, கரண்ட் போனால். கலிங்கு விளிம்பு வரை நீர் வழியும், அது கொஞ்சம்தான். ஆபத்து, பம்ப் நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாயில். நின்றுபோன பம்ப் வழியே நீர் பின்னோக்கி ஓடத் தொடங்கும். குழாயின் வாய் காற்றைத் தொடும் வரை அது நிற்காது. வாய் 3 செ.மீ. ஆழத்தில் இருந்தால் இறங்குவது 16 லிட்டர், குழாய்களில் உள்ளதையும் சேர்த்து 18. சம்ப் 5 செ.மீ. உயரும், அவ்வளவுதான். என் வீட்டில் இருந்தது 15 செ.மீ. ஆழம். 81 லிட்டரும் குழாய் நீரும் சேர்ந்து சம்பை 23 செ.மீ. உயர்த்தப் பார்த்தன. இடம் இருந்ததோ 15. மிச்சம் 29 லிட்டர் என் கூடத்தில்.

ஒருவழி வால்வு போடலாமே என்பார்கள். போடலாம், நம்பக் கூடாது. உப்புப் படிவும் குட்டி நத்தையும் சுண்ணாம்புப் புழுவும் அதன் நாக்கை மூடவிடாமல் செய்துவிடும். குழாயில் காற்றுத்துளை போட்டால் அதைப் பாசி அடைக்கும். குழாய் வாயின் உயரம் மட்டும் என்றைக்கும் பழுதாகாது.

இரண்டாவது கணக்கு, பம்ப் ஓடுகிறது, வடிகுழாய் இரண்டும் அடைத்துவிட்டன. பம்ப் தன் அறை வற்றும் வரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த அறை 25 செ.மீ. நீளம், 40 அகலம், பம்புக்கு எட்டும் நீர் 15 செ.மீ. ஆழம் என்றால் 15 லிட்டர். மேலே மட்டம் 2.8 செ.மீ. ஏறும். இடம் 4 செ.மீ. இருப்பதால் தப்பித்தோம். பம்ப் அறையைப் பெரிதாக்கியிருந்தால் மேலிருந்து வழிந்திருக்கும். சம்பில் காலியிடம் நிறைய வேண்டும், பம்ப் அறையில் நீர் கொஞ்சமாக வேண்டும். இந்த இரண்டும் பொருந்திவிட்டால், பம்ப் நின்றாலும் வடிகுழாய் அடைத்தாலும் தரை நனையாது.

ஆவியாகாத உப்பு

சிறிய பம்ப் அறைக்கு ஒரு விலை உண்டு. மேல்தொட்டியின் மட்டத்தைக் கலிங்கு காக்கிறது, முன்னறைகளின் மட்டத்தைத் தடுப்பு காக்கிறது. எனவே ஆவியாகும் நீர் அத்தனையும் பம்ப் அறையில்தான் குறையும். நாளைக்கு 4 லிட்டர் ஆவியானால் அந்த அறையில் 4 செ.மீ. இறங்கும். நாலாம் நாள் பம்ப் காற்றை இழுத்துக் கரகரக்கும்.

போவது நீர் மட்டும், உப்பு போகாது. 300 லிட்டர் அமைப்பில் மூன்று நாளில் 12 லிட்டர் குறைந்தால் லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 36.5 ஆகிவிடும். அதை ஈடுகட்ட உப்புநீர் ஊற்றுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. 12 லிட்டர் உப்புநீரில் 420 கிராம் உப்பு இருக்கிறது. மட்டம் சரியாகும், உப்பு அங்கேயே நிற்கும், மூன்று நாளுக்கு ஒருமுறை இன்னும் ஏறும். ஊற்ற வேண்டியது ஆர்.ஓ. நீர்.

மிதவை வால்வு வைத்துத் தானே நிரம்பச் செய்யலாம். மிதவையும் ஒருநாள் சிக்கிக்கொள்ளும், எனவே அதன் கேன் 25 லிட்டருக்குள் இருக்கட்டும். அத்தனையும் கொட்டினாலும் உப்பு 32-க்குக் கீழே போகாது. அதே நேரம் கரண்டும் போனால்? 25-உம் 18-உம் 43 லிட்டர். சம்ப் 12 செ.மீ. ஏறும். இடம் 15.

பாறை எங்கிருந்து?

இந்தியாவில் இதற்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. எடுப்பதும் விற்பதும் குற்றம். காரணம் தேடித் தொலைவு போக வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டியதற்கு அதில் பெரும் பங்கு உண்டு. சிமென்டில் வார்த்த பாறையும் நுண்துளைப் பீங்கான் கட்டிகளும் பாக்டீரியாவுக்குப் போதும், அவற்றுக்கு வீட்டின் விலாசம் முக்கியமில்லை. கோமாளி மீன் வேண்டுமானாலும் கடலில் வலை வீச வேண்டாம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் அவற்றைப் பொரிப்பகத்திலேயே பெருக்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

கோடு

எல்லாம் ஒட்டி, சிலிக்கான் காய்ந்தபின் முதலில் நிரப்ப வேண்டியது குழாய்த் தண்ணீர். உப்பும் வேண்டாம், மீனும் வேண்டாம். பம்பை ஓடவிட்டு, மட்டங்கள் நிலைத்ததும் பிளக்கைப் பிடுங்குங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். களகளவென்று சத்தம் வரும், சம்ப் மெல்ல ஏறும், ரிட்டர்ன் குழாய் ஒருமுறை காற்றை உறிஞ்சி விக்கும், அடங்கும். நீர் எங்கே நின்றதோ அங்கே கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு. மறுபடி ஓடவிட்டு, ஓடும் மட்டத்தில் இன்னொரு கோடு. அன்றிலிருந்து கீழ்க்கோட்டுக்கு மேலே நீர் ஓடவே கூடாது.

என் சம்பில் அந்த இரண்டு கோடுகளும் இன்னும் இருக்கின்றன. நடுவில் 5 செ.மீ. மாதம் பிறந்த முதல் ஞாயிறு காலையில் நானே பிளக்கைப் பிடுங்கிப் பார்ப்பேன். போன மாதம் நீர் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறி நின்றது. மேலே பார்த்தால், பாறையைத் துடைத்தபோது யாரோ ரிட்டர்ன் குழாயின் வாயைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அந்த யாரோ நான்தான். திருப்பி வைத்துவிட்டு மறுபடி பிடுங்கினேன். களகள சத்தம் கேட்டதும் சமையலறையிலிருந்து மனைவி, "கரண்ட் போச்சா?" என்றாள்.

"இல்ல, நான்தான்" என்றேன். நீர் கோட்டில் வந்து நின்றது.